ஒரு போல்ட்டும் 142 அடியும்

பெரியப்பாவின் 1967 மாடல் புல்லட், சின்னமனூர் வீட்டுத் திண்ணையோரம் ஏழு வருஷமாகச் சாக்குப் போர்த்திக்கொண்டு தூங்கிக் கிடந்தது. திடீரென்று ஒருநாள், "அதுல ஒரு தடவை லோயர் கேம்ப் வரைக்கும் போயி, பென்னிகுக் மண்டபத்தைப் பார்த்துட்டு வந்திரணும்ப்பா" என்றார். வயசு எழுபத்தெட்டு. முடியாது என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

எஞ்சின் இரண்டே வாரத்தில் உயிர் பெற்றுவிட்டது. படுத்தியது ஸீட்டு!

அந்தக் கால ஸ்பிரிங் ஸீட்டு. சைக்கிள் ஸீட்டுக்கு அண்ணன் மாதிரி இருக்கும். மூக்குப் பக்கம் ஒரு போல்ட், பின்பக்கம் இரண்டு சுருள் ஸ்பிரிங். பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா? தேனியில் எட்டு மில்லிமீட்டர் போல்ட் நாலு வாங்கி வந்தேன். ஸ்பிரிங்கைப் பிடிக்கும் இடத்தில் வைத்து முடுக்கினால், இரண்டு சுற்று சமர்த்தாகப் போயிற்று. மூன்றாவதில் முரண்டு. விடுவேனா? ஸ்பேனரில் தொங்கினேன். 'கிர்ர்ர்...'

மரை கழன்றது வண்டிக்கா, எனக்கா என்று பெரியம்மா கேட்டது தனிக்கதை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு உத்தமபாளையத்தில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனேன். "தம்பி, இது இஞ்சு வண்டி" என்று சிரித்தார். மறுபக்கம் இருந்த ஒரிஜினல் போல்ட்டைக் கழற்றி, மரை அளக்கும் கேஜை வைத்தார். குறுக்களவு ஒரு இஞ்சில் பதினாறில் ஐந்து பங்கு. அதாவது 7.94 மில்லிமீட்டர். சைக்கிள் திரெட். ஒரு இஞ்சுக்கு 26 மரை. நான் வாங்கியதிலோ ஒரு இஞ்சுக்கு இருபது சொச்சம்தான். பார்வைக்கு அண்ணன் தம்பி. உள்ளே போனால் பங்காளிச் சண்டை!

"இப்படியே ஓட்டியிருந்தா, கம்பம் போறதுக்குள்ள பெரியவர் ஒரு பக்கம், ஸீட்டு ஒரு பக்கம் கிடந்திருக்கும்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இங்கிலாந்து ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் ஆரம்பித்ததுதான் என்ஃபீல்டு இந்தியா. திருவொற்றியூரில் தயாரித்தாலும் அளவெல்லாம் சீமை அளவு. நல்லவேளை, முதல் மூன்று மரைதான் கெட்டிருந்தது. அதே அளவு டேப் விட்டுச் சரிசெய்தார். இரண்டு ஸ்பிரிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்தார். ஒன்று குட்டையானால் ஸீட்டு சாய்ந்துவிடுமாம். மூக்கு போல்ட்டுக்குள் புஷ் போட்டார். "இதை இறுக்கிப் பிடிக்கக் கூடாது தம்பி. கதவுக் கீல் மாதிரி ஆடணும். அப்பத்தான் ஸ்பிரிங்கு வேலை செய்யும்."

மறுநாள் பெரியப்பா ஓட்ட, நான் பின்னால். கம்பத்துத் திராட்சைப் பந்தல், கூடலூர் என்று வழியெல்லாம் அவர் வேடிக்கை பார்த்தார். நான் போல்ட்டைப் பார்த்தேன். டீக்கடையில் நிறுத்தினால், "டேம் எத்தனை அடி?" என்பதே பேச்சு. 2014-ல் சுப்ரீம் கோர்ட் உறுதிசெய்த 142 அடி இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஊரே அடிக்கணக்கில் பேச, மில்லிமீட்டரில் போல்ட் வாங்கிய புத்திசாலி நான் ஒருவன்தான்!

லோயர் கேம்ப் மண்டபத்தில் பென்னிகுக் சிலைக்கு முன்னால் பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"1895-ல கட்டி முடிச்சது. இன்னும் நிக்குது. நீ மாட்டுனது?"

"ரெண்டு சுத்து நின்னுச்சு பெரியப்பா."

தோளில் தட்டிச் சிரித்தவர், திரும்பும்போது சாவியை என்னிடம் கொடுத்தார்.