கொழுப்பு புண்ணை ஆற்றுமா?

சர்க்கரை நோயாளியின் காலில் வரும் புண், வீட்டில் யாரையும் தூங்கவிடாது. விரலோடு போகுமா, காலையே எடுக்க வேண்டி வருமா என்ற பயம். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்குக் குதிகாலில் ஐந்து மாதமாக ஆறாத புண். வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, அதிலிருந்து பிரித்த செல்களை ஊசியாகப் போட்டால் ஆறிவிடும் என்று மகன் ஒரு வீடியோ அனுப்பினான். நகையை அடகு வைக்கவும் தயாரானார் மனைவி. ஆனால், முதலில் விஷயத்தைத் தேடிப் படித்தார்.

அது புரளி இல்லை. கொழுப்பில் பலவகைத் திசுக்களாக மாறக்கூடிய செல்கள் இருப்பதை 2001-ல் பேட்ரிசியா ஸக் குழுவினர் காட்டினார்கள். அந்தச் செல்கள் சுரக்கும் பொருட்கள் புது ரத்தக்குழாய்கள் வளர உதவுகின்றன, அழற்சியைத் தணிக்கின்றன. சிறிய ஆய்வுகளில் புண்கள் சீக்கிரம் ஆறியும் இருக்கின்றன.

ஆனால், சிறிய ஆய்வை மட்டும் நம்ப முடியாது. குரோன்ஸ் நோயாளிகளுக்கு ஆசனவாய் அருகே வரும் பௌத்திரத்துக்கு, பிறர் தந்த கொழுப்பின் செல்களால் செய்த மருந்து 2018-ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. முதல் ஆய்வில் மருந்து பெற்றவர்களில் 50 சதவீதம் பேருக்கும், வெறும் உப்பு நீர் பெற்றவர்களில் 34 சதவீதம் பேருக்கும் குணம் தெரிந்தது. அதைவிடப் பெரிய இரண்டாவது ஆய்வில் அந்த வித்தியாசம் நிற்கவில்லை. 2024-ல் மருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

டாக்டரிடம் அந்த மனைவி கேட்டது ஒரே கேள்வி: "இந்த ஊசி போடாம, நல்லா பராமரிச்சவங்கள்ல எத்தனை பேருக்கு ஆறியிருக்கு டாக்டர்?"

சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, செத்த சதையை அகற்றுவது, புண்ணில் பாரம் விழாமல் காப்பது, ரத்த ஓட்டத்தைப் பரிசோதிப்பது. இவற்றைச் செய்யாமல் எந்த ஊசியும் கைகொடுக்காது.