கொசுவுக்குப் பத்து நாள், கோப்புக்கு?

குற்றாலத்து அருவியைப் பாடாத புலவரில்லை. குடத்து நீரிலே குடியேறும் கொசுவைப் பாடுவார் யார்?

2012-இல், அந்நாளில் நெல்லை மாவட்டத்திலிருந்த கடையநல்லூரிலே டெங்கு பாய்ந்தது, பலர் மாண்டனர். விதியா? வினையா? ஆத்தாளின் சீற்றமா? அல்ல, தோழர்களே! சேர்த்துவைத்த நன்னீரில் ஏடிசுக் கொசு முட்டையிடுகிறது. ஏறத்தாழப் பத்தே நாளில் பறக்கிறது. கோப்போ, மேசைக்கு மேசை தவழ்கிறது!

தென்காசியிலே பள்ளி ஆசிரியன் நான். தெருவில் காய்ச்சல் புகுந்ததை வருகைப் பதிவேடே எனக்குச் சொல்லிவிடுகிறது. அறிந்து என்ன பயன்? "பீடி சுற்றினால்தான் உலை கொதிக்கும், சார்; ஆசுபத்திரியிலே எப்படிக் காத்துக் கிடக்க?" என்கிறாள் ஒரு தாய்.

பெரியம்மையை விரட்டியது வேப்பிலையா? நோய் கண்ட வீட்டைத் தேடியோடி, சுற்றிலும் ஊசி குத்திய விரைவு! 1975-இல் இந்தியாவை விட்டே அது ஒழிந்தது.

ஊர் நலக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் என வகுத்தது ஊரக நல்வாழ்வுத் திட்டம். நெறி நன்று, தொகை சிறிது. முதற் காய்ச்சலன்றே செலவிடத்தக்க நிதி ஊரிலேயே இருக்கட்டும்: புழுவை அழிக்க, குருதியைச் சோதிக்க, இழந்த கூலியை ஈடுசெய்ய! கணக்கை ஊரறியப் பலகையில் எழுதட்டும். அரசு தரட்டும், ஊரும் சேர்க்கட்டும்.

கோயில் கொடைக்கு வீடுதோறும் வரி பிரிக்கத் தெரிந்த நமக்கு, உயிர் காக்கப் பிரிக்கத் தெரியாதா?