வேர்க்கும் சுவர்

நம்மூர்ப் பழைய தாமான் வீடுகளில் வால்பேப்பர் அழகுக்காக மட்டும் ஒட்டப்பட்டதில்லை. தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு அது வேறு கணக்கு. அங்கே பலகை இடுக்கில் காற்று நுழையாதிருக்க, மாவுக் கூழ் தடவிப் பழைய நாளிதழை ஒட்டுவார்கள். அம்மா எழுத்துக்கூட்டிப் படித்ததே அடுப்படிச் சுவரில் இருந்த தமிழ் நேசனைத்தானாம். (அந்த நாளிதழும் 2019இல் நின்றுபோனது.) கிள்ளானில் கல்வீடு வாங்கியதும் அப்பா கூடம் முழுக்கப் பூப்போட்ட வினைல் தாளை ஒட்டினார்.

அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்கு ஓயாத இருமல். கூடத்தில் நனைந்த சாக்கு வாடை.

"அப்பா ஒட்டுனதுடா. அது மேலயே புதுசு ஒட்டிக்கலாம்லா."

கூடத்துச் சுவருக்குப் பின்னால் குளியலறை. அங்கே ஓட்டு இடுக்கில் இறங்கும் தண்ணீர் செங்கல்லில் ஊறி, இந்தப் பக்கமாக ஆவியாகி வெளியேற வேண்டும். வினைல் விடாது. தாளுக்கும் சிமெண்டுப் பூச்சுக்கும் நடுவே ஈரம் தங்கிவிடும். பூஞ்சணத்துக்குப் பசையே சாப்பாடு. இதையெல்லாம் படம் போட்டு விளக்கினேன். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே சோபாவை நகர்த்தினார்.

ஈரச் சுவரும் பிளக் பாயிண்டும் சேரக்கூடாது என்பதால் முதலில் மெயின் சுவிட்சை அடைத்தேன். வினைல் மேல்தோல் சுலபமாக உரிந்தது. அடிக்காகிதம்தான் பிடிவாதம். வெந்நீரில் கொஞ்சம் பாத்திர சோப்பு கலந்து, ஸ்பாஞ்சால் நனைத்து, கால் மணி நேரம் ஊறவிட வேண்டும். ஸ்கிராப்பரைச் சுவரோடு படுக்கவைத்துத் தள்ள வேண்டும். நிமிர்த்தினால் பூச்சும் சேர்ந்து பெயரும். பூஞ்சணம் காய்ந்திருக்கும்போது சுரண்டினால் அதன் வித்து பறக்கும். அம்மாவை வெளியே உட்காரச் சொன்னேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு உள்ளேயே வந்து நின்றார்.

சுவிட்சைச் சுற்றி வெட்டிய இடத்தில்கூடப் பூக்கள் பிசகாமல் சேர்ந்திருந்தன. அப்பாவின் கை அப்படி. ஆனால் குளியலறையை ஒட்டிய மூலையில் மட்டும் தாள் இரண்டு அடுக்கு. கீழ்த் தாளில் பழுப்பு நீர்க்கறை.

அம்மா குனிந்து பார்த்தார்.

"அவருக்கும் தெரியும். அப்போ குளியலறைய உடைச்சுக் கட்டக் காசு இல்ல. நீ படிச்சிக்கிட்டிருந்த."

நான் ஒன்றும் சொல்லவில்லை. வாளித் தண்ணீர் ஆறிவிட்டிருந்தது, மாற்றிக்கொண்டு வந்தேன்.

குளியலறை வேலை முடிந்துவிட்டது. சுவர் காயாமல் சாயம் அடிக்க முடியாது. ஓரடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். உள்ளே நீர்த்துளி கோத்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. தினமும் காலையில் அம்மாதான் போய்ப் பார்க்கிறார்.

"இன்னும் வேர்க்குதுடா."

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கிறது.