கை தொடாத சொடுக்கு

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் ஒரு பத்தியை நேற்று நீக்கினேன். குறிப்பாளர் இருவருள் ஒருவர் தம் முடிவுகளில் உறுதியற்றவர் என்று அதில் எழுதியிருந்தேன். தவறு அவருடையதன்று, என் நிரலுடையது.

வாக்கியங்களைப் படித்து, பொருள் மயக்கம் உள்ளவற்றைத் தேர்வுப்பெட்டியில் குறிப்பதற்கான மென்பொருள் அது. பைதானில், க்யூட் நூலகத்தைக் கொண்டு நானே எழுதியது. பெட்டியின் நிலை மாறும்போதெல்லாம் பதிவேட்டில் ஒரு வரி சேரும். ஒருவர் வாக்கியங்களை வரிசையாக முடித்துவிட்டு எழுந்துவிடுவார். வயதில் இளையவரான மற்றவரோ, முடித்தபின் திரும்பிச் சென்று தம் குறிப்புகளை மறுபடி பார்ப்பார். அவர் பெயரில் மாற்றங்கள் குவிந்தன. அடுத்த சுற்றுக்கு அவரை நான் அழைக்கவில்லை.

"அவரிடம் காரணம் கேட்டீர்களா?" என்றார் நெறியாளர். கேட்டேன். பார்க்க மட்டுமே செய்ததாகவும், எதையும் தொடவில்லை என்றும் சொன்னார்.

பதிவேட்டை மீண்டும் திறந்தேன். அம்மாற்றங்களில் பெரும்பாலானவை வாக்கியம் திரைக்கு வந்த சில மில்லிநொடிகளுக்குள் நிகழ்ந்திருந்தன. எந்த மனிதக் கையும் அத்தனை விரைவாக இயங்காது.

நான் பதிவேட்டுடன் இணைத்திருந்தது 'டாகிள்டு' என்னும் சமிக்ஞையை. பெட்டியின் நிலையைப் பயனர் மாற்றினாலும், 'செட்செக்டு' வழியாக நிரல் மாற்றினாலும் அது எழும். பழைய வாக்கியத்தைத் திறக்கும்போது சேமித்த குறியை நிரல் பெட்டியில் இடுகிறது. முன்பிருந்த நிலையிலிருந்து அது வேறுபட்டால் சமிக்ஞை எழுந்து, குறிப்பாளர் கணக்கில் ஏறிவிடுகிறது. மறுவாசிப்பு கூடக் கூடப் பழியும் கூடியது. வரிசையாகச் சென்றவருக்கும் இப்பிழை உண்டு. குறைவாக இருந்ததால் கண்ணில் படவில்லை.

'கிளிக்டு' சமிக்ஞை, சுட்டியாலோ விசைப்பலகையாலோ பயனர் பெட்டியை இயக்கும்போது எழும். 'செட்செக்டு' அதை எழுப்பாது. ஆனால் நிரலே 'கிளிக்' என்ற செயற்கூற்றை அழைத்தால் இதுவும் எழும். உரைப்பெட்டிக்கும் இத்தகைய இணை உண்டு: 'டெக்ஸ்ட்சேஞ்சுடு' எல்லா மாற்றங்களுக்கும் எழும், 'டெக்ஸ்ட்எடிட்டடு' பயனர் திருத்தத்துக்கு மட்டும். மதிப்பை இடும் நேரத்தில் சமிக்ஞைகளைத் தடுத்துவைப்பதும் ஒரு வழிதான். அப்போது அவற்றை நம்பியிருக்கும் திரையின் பிற பகுதிகளும் செய்தி அறியாமல் நின்றுவிடும்.

திருத்தம் ஒரே வரியில் முடிந்தது. போலி மாற்றங்களைக் கழித்தபின், மனம் மாறிய இடங்கள் இருவருக்கும் ஏறத்தாழச் சமமாக இருந்தன.

இன்று காலை அந்த இளையவரைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டேன். அடுத்த சுற்றுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பதிவேட்டைக் கொண்டு மனிதரை அளக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு வரியையும் எழுதியது யார் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்.