கதைக்குப் பாவு எது?

"நாவல் படிப்பதால் பிள்ளைகளுக்கு என்ன பயன்?" என்று மத்ரஸா மாணவர்களின் பெற்றோர் சிலர் என்னிடம் வினவுவதுண்டு. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யைப் படித்துப் பாருங்கள் என்பேன். 1988-இல் நூலாக வெளிவந்த அந்நாவலில், ஊரையே தம் சொல்லுக்கு அடங்க வைத்திருக்கும் ஒரு முதலாளி வருகிறார். ஊருக்குள் ஆங்கிலப் பள்ளி வருவதை அவர் எதிர்க்கிறார்.

பிள்ளையார்பாளையத்துத் தறிகளை நாள்தோறும் காணும் எனக்கு அக்கதையின் அமைப்பை விளக்குவது எளிது. பாவு இன்றி ஊடை நிற்காது. கதையில் மாந்தரின் குணமும் விருப்பமும் பாவு, நிகழ்ச்சிகள் ஊடை. முதலாளியின் அதிகாரம் நிலைக்க வேண்டும், காலமோ மாறுகிறது. விருப்பத்துக்கும் தடைக்கும் இடையே எழும் அப்போராட்டமே கதையை நடத்துகிறது. கடற்கரையும் அம்மக்களின் பேச்சும், சேலையின் உடலோடு கரை சேர்வதுபோல் அதனோடு கோர்வையாகின்றன.

என் மாணவர்கள் எழுதும் கதைகளில் நல்லவன் நல்லவனாகவே வந்து, இறுதி வரியில் நீதி சொல்லி விடைபெறுவான். "அவனுக்கு என்ன வேண்டும்? எதை இழக்க அஞ்சுகிறான்?" என்று கேட்பேன். விடை தேடத் தொடங்கியதும் கதை அசையும்.

பிறர் அச்சத்தை உள்ளிருந்து உணர்ந்த பிள்ளை, எவர்மீதும் தீர்ப்புக் கூறுமுன் சற்றே நிதானிக்கும். பெற்றோரே, இதனினும் பெரிய பயன் வேண்டுமா?