மரக்காலுக்குள் இருந்தவள்

சகரியா ஐந்தாம் அதிகாரத் தரிசனத்தில் பறக்கிற புஸ்தகச்சுருளை ஏவுகணை என்று சொல்லிவிட்டால் பிரசங்கியாருக்கு வேலை மிச்சம். மரக்கால் அணுகுண்டாகிவிடும், அதன் வாயில் போட்ட ஈயம் கதிர்வீச்சுத் தடுப்பாகிவிடும். உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண் யார் என்று மட்டும் யாரும் கேட்கக்கூடாது. கைபேசிக்குக் கைபேசி சுற்றிவந்த இந்த விளக்கம், வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு எழுப்புதல் கூட்டத்தில் பெரிய திரையில் படத்தோடு மேடையேறியது. கூட்டம் முடிந்ததும் பேச்சாளரிடம் போய், "தம்பி, சகரியா இதை யாருக்குச் சொன்னாரு?" என்று கேட்டார் ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர். "நீங்க பழைய ஆளுய்யா" என்று சிரித்துவிட்டுக் காரில் ஏறினார் பேச்சாளர்.

அந்தச் சிரிப்பு உபதேசியாருக்கு இன்னும் ஆறவில்லை. திண்டுக்கல் சமவெளிக் கிராமங்களில் சாயங்கால ஜெபக்கூட்டம் நடத்தியே தலை நரைத்தவர் அவர். 1834-ல் மதுரையில் தொடங்கிய அமெரிக்கன் மிஷன் திண்டுக்கல்லிலும் வத்தலக்குண்டிலும் நிலையம் வைத்து, உபதேசியார்களை ஊர் ஊராக அனுப்பியது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்தச் சபைகள் அதில் சேர்ந்தன. அந்த வரிசையில் வந்தவரிடம்தான் இவர் தொழில் கற்றார். பசுமலையில் படித்த அந்த மூத்தவர், தரிசனப் பகுதி எதையும் சீடன் அவசரமாகத் தொட விடமாட்டார்.

"கனவுக்குப் பலன் சொல்ற வேலை இல்லடா இது. சாமானைப் பாரு. அளவைப் பாரு. அந்தச் சாமான் வேதத்துல வேற எங்க வருதுன்னு பாரு. அப்புறம் வாயைத் திற."

சுருளின் அளவு 20 முழ நீளம், 10 முழ அகலம். ஏறக்குறைய 9 மீட்டருக்கு 4.5 மீட்டர். வேறு எங்கே இந்த அளவு? 1 இராஜாக்கள் 6:3-ல், சாலொமோன் கட்டிய ஆலயத்தின் முன்மண்டபம். தரியுவின் இரண்டாம் வருஷம், கி.மு. 519-ன் தொடக்கத்தில் சகரியா இதைக் காண்கிறார். செருபாபேல் காலத்து ஆலயவேலை நடந்துகொண்டிருந்த நாட்கள். கேட்டவர்களுக்கு அந்த அளவு உறைக்காமலா போயிருக்கும்? திருடன் வீட்டிலும் பொய்யாணை இடுகிறவன் வீட்டிலும் சுருள் புகுந்து மரத்தையும் கல்லையும் நிர்மூலமாக்குகிறது. லேவியராகமம் 14-ல் தோஷம் பிடித்த வீட்டை இடிக்கும்போதும் கல்லும் மரமும்தான் பேச்சு. ஏவுகணைக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?

மரக்காலுக்கு வருவோம். உபதேசியாருக்கு எத்தனை முறை பேசினாலும் சலிக்காத இடம் இது. எபிரெயரின் எப்பாதான் இந்த மரக்கால், அது ஏறக்குறைய 22 லிட்டர் கொள்ளும். அதற்குள் ஒரு பெண் உட்காரமுடியாது. படம் வரைகிறவர்கள் அதனாலேயே பெரிய குதிர்போல வரைந்துவிடுகிறார்கள். கூடாது என்பார் இவர். தரிசனத்தில் கொள்ளாதது கொள்ளும். அளவைக் கருவியைக் குதிராக்கினால் சங்கதியே போச்சு. உபாகமம் 25 ஒரே வீட்டில் பெரிய மரக்காலும் சின்ன மரக்காலும் வைத்திருப்பதைத் தடுக்கிறது. ஆமோஸ் 8:5-ல் ஓய்வுநாள் எப்போது முடியும், மரக்காலைக் குறைத்து விற்கலாமே என்று வியாபாரிகள் துடிக்கிறார்கள். மீகா 6 குறைந்த மரக்காலைச் சபிக்கிறது. 1962-ல் மெட்ரிக் அளவை கட்டாயமாகும்வரை படியும் மரக்காலும் புழங்கிய இந்த ஊர்களில் இதற்கு வியாக்கியானமே வேண்டியிருக்கவில்லை. தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டுகிற வித்தையைப் பிள்ளைகளும் அறிவார்கள்.

அங்கேதான் சிக்கலும் வந்தது. வேடசந்தூர்ப் பக்கம் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஒரு பாட்டி கேட்டார்: "ஏன் உபதேசியாரே, அளவுல ஏமாத்துனது யாவாரி. மரக்காலுக்குள்ள மட்டும் பொம்பளையா?"

மூத்தவரிடம் இந்தக் கேள்வி போனது. அவர் உடனே பதில் சொல்லவில்லை. மறுமாதம் பார்த்தபோது, "பதினோராம் வசனத்தை மெதுவா வாசி" என்றார். அந்தப் பெண்ணைச் சிநெயார் தேசத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே ஒரு வீடு கட்டி, பீடத்தின்மேல் வைக்கப்போகிறார்கள். பீடத்தில் வைப்பது விக்கிரகத்தை அல்லவா? எரேமியா 44-ல் வானராக்கினி என்ற பெண்தெய்வத்துக்குத் தூபங்காட்டுவோம் என்று அடம்பிடித்தவர்கள் பெண்கள் மட்டுமல்லவே, புருஷர்களும்தானே. ஆக உள்ளே இருப்பது ஊர்ப் பெண் அல்ல, வியாபாரக் கள்ளத்தைத் தெய்வமாக்கிய சிலை. பாபேல் கோபுரம் எழும்பிய தேசத்துக்கே அதைத் திருப்பி அனுப்புகிறார்கள். சுமந்து பறக்கிற இருவரும் பெண்கள், நாரைச் செட்டை உள்ளவர்கள் என்பதையும் மூத்தவர் விடவில்லை.

இந்த விளக்கத்தை எல்லா வேத பண்டிதரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். பாட்டி ஒப்புக்கொண்டார். உபதேசியாருக்கு அது போதும்.

அவருடைய புகார் பட்டியல் நீளம். பொருளகராதி புரட்டாமல் பிரசங்கம் தயாரிக்கிறார்கள். காலைச் செய்தித்தாளைப் பார்த்துவிட்டுத் தானியேலைத் திறக்கிறார்கள். பார்கோடுதான் மிருகத்தின் முத்திரை என்றார்கள், பிறகு ஆதார், பிறகு தடுப்பூசி. இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பழைய தலைமுறையை அவர் கொஞ்சம் செல்லமாக விட்டுவிடுகிறார் என்றே சொல்லவேண்டும். எசேக்கியேல் 38-ன் கோகை சோவியத் ரஷ்யா என்று அடித்துச் சொன்ன மேடைகள் அந்தக் காலத்திலும் இருந்தன. 1991-ல் சோவியத் கலைந்தபோது அவர்களில் எத்தனை பேர் எழுந்து நின்று திருத்திக்கொண்டார்கள்?

அவருக்கு உண்மையாக வலிப்பது வேறு. ஏவுகணை என்று சொன்னால் குற்றவாளி ஏதோ தூரதேசத்தில் இருக்கிறான். மரக்கால் என்று சொன்னால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர் நெளிகிறார். மண்டியில் மூட்டைக்கு இத்தனை கிலோ கழிவு என்று எடுப்பவரும், பத்திரத்தில் பாதி விலை எழுதிப் பதிகிறவரும் கூட்டச் செலவுக்கு நன்கொடை தருகிறவர்கள்தானே. பாவம் என்றால் சினிமாவும் பூவும் பொட்டும் என்று முடித்துக்கொள்வது எல்லோருக்கும் வசதி.

அடுத்த கோடைக் கூட்டத்துக்குச் சகரியா ஐந்தாம் அதிகாரத்தை எடுக்கிற தம்பிமார், ஆமோஸ் எட்டையும் மீகா ஆறையும் சபைக்குச் சத்தமாக வாசித்துவிட்டுப் பிரசங்கத்தைத் தொடங்கட்டும். திரையும் படமும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.