ஆனால்... இல்லை... முடி!

பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். திடீர்னு இன்ஜினீயரிங். கம்ப்யூட்டர் லேப்ல நுழைஞ்சாலே கை நடுங்குது... நீங்க இந்த ரகமா? கை கொடுங்க, நானும் உங்க கட்சிதான்!

எனக்குப் பெரம்பலூர் பக்கம் செட்டிகுளம். சின்ன வெங்காயத்தைப் பட்டறை போடுறது எப்படின்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். ஆனா, ஃபர்ஸ்ட் இயர்ல 'சி' புரோகிராம் எல்லாத்தையும் மனப்பாடச் செய்யுள் மாதிரி உருப்போட்டுத்தான் ஒப்பேத்தினேன். நடுவுல ஒரு செமிகோலன் மறந்தா, மொத்தமும் காலி!

நான் தப்பிச்சுட்டேன். என் ரூம்மேட் தப்பிக்கலை. அவ அரியலூர் பக்கம். அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுறார். மெஸ் பில்லை பேப்பர், பேனா இல்லாமலே கூட்டிச் சொல்ற மூளை அவளுக்கு. ஆனா வைவாவுல, 'ஒயில் லூப்'னா என்னன்னு இங்கிலீஷ்ல கேட்டதும் ஊமையாகிட்டா. அந்த பேப்பர் ரெண்டு தடவை ஊத்திக்கிச்சு. 'எனக்கெல்லாம் இது வராதுடி'ன்னு பெட்டியைக் கட்டிட்டா. நான் ஒரு வார்த்தை தடுக்கலை. அது இன்னிக்கும் உறுத்துது.

அப்புறம்தான் 'எழில்' கண்ணுல பட்டுச்சு. தமிழ்லயே புரோகிராம் எழுதுற மொழி. முத்து அண்ணாமலை 2007-ல் ஆரம்பிச்சு, 2013-ல் எல்லாருக்கும் இலவசமா திறந்துவிட்டார். (அரியலூர் மறுபடி தனி மாவட்டமானதும் அதே 2007-லதான்!) ஸ்கூல் பசங்களை மனசுல வெச்சு, 'பேசிக்' மொழி மாதிரி எளிமையா அமைச்சிருக்கார். உள்ளே இயங்குறது பைத்தான். எங்க ஊர் பாஷையில ஒரு சாம்பிள்...

விலை = 60
@( விலை > 50 ) ஆனால்
பதிப்பி "வித்துடு"
இல்லை
பதிப்பி "பட்டறையில வை"
முடி

அவ்வளவுதான்! 'பதிப்பி'ன்னா திரையில காட்டு. 'முடி'ன்னா முடி. இதுல ஒரு அழகு கவனிச்சீங்களா? 'சி'யில 'இஃப்' முதல்ல வரும், நிபந்தனை பின்னாடி வரும். நாம பேசும்போது 'விலை ஏறினால்'னு நிபந்தனையைச் சொல்லிட்டுத்தானே 'ஆல்' போடுறோம்? எழிலும் அப்படித்தான். லூப்புக்கும் அதே கதை. முதல்ல நிபந்தனை, அப்புறம் 'வரை'.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. அண்ணனுக்கு பிளஸ் டூவுல அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு அரியலூர் பஸ் ஏறிட்டேன். சிமென்ட் லாரிகளுக்கு நடுவுல ஊர்ந்து, அவ வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள தலையெல்லாம் புழுதி. மேலே இருக்குற ஆறு வரியைக் காட்டினேன். எதையும் விளக்கலை. ஒரு நிமிஷம் பார்த்தா.

"ஏண்டி, விலை சரியா அம்பது ரூபாய்னா?"

"இல்லை-க்குக் கீழ போயிடும். பட்டறையில வைக்கச் சொல்லும்."

"அம்பது கிடைச்சா உங்கப்பா வித்துடுவாரே... அப்போ இது தப்புதானே?"

தூக்கிவாரிப் போட்டுச்சு! புரோகிராம்ல நிறைய தப்பு ஒளிஞ்சிருக்குறது இந்த எல்லைக்கோட்டுலதான். எழுதின எனக்குத் தெரியலை. 'வராது'ன்னு ஓடினவ ஒரே நிமிஷத்துல பிடிச்சுட்டா. '>' இருந்த இடத்துல '>=' போட்டது அவதான். வராம போனது புரோகிராம் இல்லை மக்களே, இங்கிலீஷ்!

'எழில் படிச்சா வேலை கிடைக்குமா?'ன்னு எங்கப்பா கேட்டார். கிடைக்காதுப்பா. கேம்பஸ் இன்டர்வியூவுல சி, ஜாவா, பைத்தான்தான் கேப்பாங்க. இங்கிலீஷையும் ஒருநாள் நாம வழிக்குக் கொண்டுவந்துதான் ஆகணும். ஆனா, நீச்சல் கத்துக்க முதல் நாளே கடல்ல குதிப்பாங்களா? நம்ம ஊர்க் கிணத்துல கட்டிக்கிற சுரைக்குடுக்கைதான் எழில். கை, கால் பழகினதும் அவிழ்த்துடலாம்.

'ஆனால்' புரிஞ்சவளுக்கு 'இஃப்' புரிய ரெண்டு நாள்கூட ஆகலை. இந்த செமஸ்டர் அரியருக்கு ஃபீஸ் கட்டியிருக்கா. பாஸாவாளா? தெரியாது. ஆனா, 'எனக்கு வராது'ங்கிற டயலாக் மட்டும் இப்போ இல்லை.

உங்க ஹாஸ்டல்லயும் யாராவது பெட்டி கட்டிக்கிட்டு இருக்காங்களா? ஓடிப்போய் இந்த ஆறு வரியைக் காட்டுங்க. ப்ளீஸ்... என்னை மாதிரி லேட் பண்ணிடாதீங்க!